யாரும் கேட்காத பெட்டி

பெட்டி அக்கா வீட்டு வாசலுக்குப் போய்ச் சேர இன்னும் இருபது மணி நேரம் இருந்தது.

மதியம் மூன்று மணி. அலுவலகத்தில் எல்லோரும் சாப்பாட்டு மயக்கத்தில் இருந்தார்கள். பாப்பா மட்டும் மறுநாள் போகவிருக்கும் பெட்டிகளின் வரிசையைத் திரையில் உருட்டிக்கொண்டிருந்தாள். பாப்பா என்பது வீட்டில் வைத்த செல்லப்பெயர். இருபத்தேழு வயதாகியும் அவளை விட்டுப் போகவில்லை. வரிசையில் பெயர்கள் கிடையாது, வாடிக்கையாளர் எண்கள் மட்டும்தான். நாலாயிரத்துச் சொச்சம். பாதியில் ஓர் எண்ணைப் பார்த்ததும் அவள் விரல் நின்றுவிட்டது. தன் போன் நம்பரைக்கூட யோசித்துச் சொல்கிறவளுக்கு அந்த எண் மனப்பாடம். அது அக்காவின் எண்.

அவள் வேலை பார்த்தது, போனிலேயே சாமான் வாங்கும் கடை ஒன்றில். ஊசியிலிருந்து கட்டில் வரை விற்கிற கடை. அவளுடைய பிரிவுக்குப் 'பிறை' என்று பெயர் வைத்திருந்தார்கள். பிறை செய்கிற வேலை ஒன்றுதான். ஒரு பெண் எந்தத் தேதியில் நாப்கின் வாங்குகிறாள் என்று பார்க்கும். இரண்டு மூன்று மாதம் பார்த்துவிட்டால் போதும், அவள் உடம்பு இன்றைக்கு மாதத்தின் எந்தப் பக்கத்தில் நிற்கிறது என்று கணக்குப் போட்டுவிடும். நாள் நெருங்கும் வாரத்தில் அவளுக்குக் கடையின் முகப்பில் சாக்லேட்டும் மெத்தென்ற தலையணையும் வெந்நீர்ப் பையும் வரும். நாள் முடிந்து உடம்பு தெளிந்து நிற்கும் வாரத்தில் லிப்ஸ்டிக், தோடு, பளிச்சென்ற நிறத்தில் உடைகள். ஈஸ்ட்ரோஜன் ஏறும்போது பெண் கண்ணாடியைத் தேடுவாள், ஹார்மோன்கள் இறங்கும்போது ஆறுதலைத் தேடுவாள் என்று சில ஆய்வுகள் சொல்லியிருந்தன.

பாப்பா உயிர்வேதியியல் படித்தவள். அந்த ஆய்வுகளின் லட்சணம் அவளுக்குத் தெரியும். முப்பது பேரைக் கேட்டு எழுதியது ஒன்று. அதை மறுத்து எழுதியது இன்னொன்று. சேர்ந்த புதிதில் கூட்டத்தில் அதைச் சொல்லவும் செய்தாள்.

"சார், நிரூபணம் ரொம்ப பலவீனமா இருக்கு."

"இருக்கட்டும்மா. விற்பனை பதினோரு சதவீதம் ஏறியிருக்குல்ல? அது பலமா இருக்கு" என்றார் மேலாளர்.

எல்லாவற்றையும் சதவீதத்தில் பேசுவதால் அவருக்கு அலுவலகத்தில் சதவீதம் என்றே பெயர். காதுபடச் சொன்னாலும் கோபிக்க மாட்டார். நூற்றுக்கு நூறு பொருத்தம் என்பார். அன்றைக்கு எல்லோரும் சிரித்தார்கள். அதற்குப் பிறகு பாப்பா கூட்டங்களில் வாயைத் திறக்கவில்லை. கொடுத்த வேலையை ஒழுங்காகச் செய்தாள். செய்யச் செய்ய அவளுக்கே அது பிடித்துப்போனது.

பிறையைச் சோதித்துப் பார்க்க முதலில் ஓர் ஆள் வேண்டியிருந்தது. அக்காவிடம்தான் கேட்டாள். "என் கணக்க எடுத்துக்கோ. அதுல என்ன புதையலா இருக்கு?" என்று அக்கா சிரித்துக்கொண்டே கடவுச்சொல்லைக் கொடுத்தாள். அந்தக் கணக்கைத் திறந்து பார்த்து பாப்பா பூரித்துப்போனாள். இருபத்தெட்டு நாளைக்கு ஒரு பாக்கெட், ஒரு நாள் முன்னும் இல்லை, பின்னும் இல்லை. மற்ற பெண்களின் கோடுகள் கோணலும் மாணலுமாகப் போக, அக்காவின் கோடு மட்டும் அளவுகோல் வைத்து இழுத்தது போல நின்றது. "உங்க அக்கா மனுஷியா, கடிகாரமா?" என்றார் சதவீதம். காய்ச்சல் வந்தால் நாள் தள்ளும், கவலைப்பட்டால் தள்ளும், ஊர் மாறினால் தள்ளும் என்று பாடமாகவே படித்தவள் பாப்பா. ஆனாலும் அவளுக்குச் சந்தேகம் வரவில்லை. கணக்கு சரியாக வரும்போது யாருக்குச் சந்தேகம் வரும்?

நாள் தள்ளிப்போனவர்களுக்கும் பிறையில் இடம் இருந்தது. ஒழுங்காக வாங்கிக்கொண்டிருந்த பெண் இரண்டு மாதமாக வாங்கவில்லை என்றால் பிறை அவளைத் 'தாய்மை' என்ற வரிசைக்கு மாற்றிவிடும். உடனே இலவசமாக ஒரு பெட்டி போகும். உள்ளே ஒரு ஜோடி குட்டிக் காலுறை, ஒரு புட்டி எண்ணெய், ஒரு வாழ்த்து அட்டை. குழந்தை பிறந்த பிறகு பிடிக்கிற வாடிக்கையாளரைவிட அதற்கு முன்பே பிடிக்கிற வாடிக்கையாளர் கெட்டி என்பது சதவீதத்தின் கணக்கு.

அந்த வரிசையில்தான் அக்கா இருந்தாள்.

பாப்பாவுக்கு முதலில் வந்தது சந்தோஷம். அக்காவுக்குக் கல்யாணமாகி ஏழு வருஷம். கண்ணில் நீர் முட்ட, யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்துவிட்டு, போனை எடுத்துக்கொண்டு மாடிப்படிக்கு ஓடினாள். பாதிப் படியில்தான் உறைத்தது. அக்கா உண்டாகியிருந்தால் முதலில் தன்னிடம்தானே சொல்லியிருப்பாள்?

"அக்கா, ஒண்ணு கேட்டா மறைக்காம சொல்லுவியா?"

"கேளேன்."

"விசேஷம் ஏதாவது..."

அந்தப் பக்கம் பாத்திரம் கழுவும் சத்தம் நின்றது.

"நீயும் ஆரம்பிச்சுட்டியா?" என்றாள் அக்கா.

"நான் இல்லக்கா, எங்க சிஸ்டம் சொல்லுது. ரெண்டு மாசமா நீ பாக்கெட் வாங்கலையாம்."

"பள்ளிக்கூடம் லீவுல்ல" என்றாள் அக்கா. சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டவள் போல நிறுத்தினாள். அவள் ஒரு பெண்கள் பள்ளியில் நூலகர்.

"லீவுக்கும் அதுக்கும் என்னக்கா சம்பந்தம்?"

"ஒண்ணுமில்ல. அப்படி எதுவும் இல்ல பாப்பா. உங்க சிஸ்டத்துக்குக் கண்ணு அவிஞ்சு போச்சு. வேலையப் பாரு, வை."

"வைக்காதக்கா. ஒரு பெட்டி வருது."

என்ன பெட்டி என்று சொன்னாள்.   

"எவ்வளவு பெருசு இருக்கும்?" என்று கேட்டாள் அக்கா.

"செருப்பு டப்பா அளவு."

"வெளிய என்ன போட்டிருக்கும்?"

"குழந்தை படம்."

"நிறுத்து." அக்காவின் குரல் கீழே போய்விட்டது. "எப்படியாவது நிறுத்திடு பாப்பா. அது அத்தை கையில கிடைக்கவே கூடாது."

"தப்பா வந்துடுச்சுன்னு சொன்னாப் போச்சு. உங்க மாமியார் என்ன சின்னக் குழந்தையா?"

"உனக்குத் தெரியாது. இந்த வீட்டுல குளியலறை ஒண்ணுதான். அங்க அலமாரியில பாக்கெட் இல்லங்கறத அவங்களும் பாத்துட்டுத்தான் இருக்காங்க. வாயத் திறந்து ஒரு வார்த்தை கேக்கல. ஆனா ரெண்டு மாசமா என்னை வாளியத் தூக்க விடறதில்ல. எனக்கு முன்னாடி எழுந்து தண்ணி பிடிச்சு வச்சுடறாங்க." மூச்சு வாங்கியது. "உன் காலப் பிடிக்கறேன். நிறுத்து."

அம்மா போனதற்குப் பிறகு கேட்பதெல்லாம் பாப்பாவின் வேலை, கொடுப்பதெல்லாம் அக்காவின் வேலை என்றுதான் அந்த வீட்டில் இருந்தது. அக்கா அவளிடம் கெஞ்சி அவள் கேட்டதே இல்லை. நேராக மேலாளரின் அறைக்குப் போனாள்.

சதவீதம் தன் அறையில் சுழல் நாற்காலியில் அரைவட்டம் அடித்துக்கொண்டு மறுநாள் கூட்டத்துக்கான படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார், ஒரு பெட்டிய நிறுத்தணும்."

"வாடிக்கையாளர் கேன்சல் பண்ணிட்டாங்களா?"

"அவங்க ஆர்டரே பண்ணலையே சார்."

"ஆர்டர் பண்ணாதத எப்படிம்மா கேன்சல் பண்றது?"

கேலிக்காக அவர் அப்படிச் சொல்லவில்லை. உண்மையாகவே அதற்கு வழி இல்லை. கேட்டு வாங்கிய பொருளை நிறுத்த ஒரு பொத்தான் இருந்தது. கேட்காமல் போகும் பெட்டியை நிறுத்தப் பொத்தான் வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. பிறையைக் கட்டிய மூன்று பேரில் பாப்பாவும் ஒருத்தி. அவளுக்கும் தோன்றவில்லை.

"நிறுத்தினா நாலாயிரத்தையும் சேத்துத்தான் நிறுத்தணும். ஏன்னு கேப்பாங்க. என்ன சொல்லட்டும்?"

"ஒருத்தருக்குத் தப்பாப் போகுதுன்னு சொல்லுங்க சார்."

"யாருக்கு?"

"முதல் ஆளுக்கு."

நாற்காலி நின்றது. "உங்க அக்காவுக்கா? ஏம்மா, நாளைக்குப் பன்னெண்டு மணிக்கு அந்த நேர் கோட்டத்தானே பெரிய திரையில காட்டப்போறோம்? அதுவே தப்புன்னா நான் எதக் காட்டுவேன், என் கைரேகையையா?"

"சார், அவங்க வீட்டுல..."

"இங்க பாரு. நூத்துல மூணு பேருக்குத் தப்பாகலாம்னு நீதானே எழுதிக் கொடுத்த?"

"நான்தான் சார்."

"அந்த மூணுல இது ஒண்ணு. நாலாயிரத்துல மூணு சதவீதம்னா நூத்தி இருபது பேர். நூத்தி இருபது பேருக்கு இலவசமா எண்ணெயும் சாக்ஸும் கிடைக்குது. இதுல யாருக்கு என்ன நஷ்டம்?"

மூன்று சதவீதம் என்று எழுதிய அன்று அவளுக்குப் பாராட்டு கிடைத்தது. நல்ல எண் அது, சின்ன எண். இப்போது அது நூற்றி இருபது கதவுகளாக அவள் முன்னால் நின்றது. ஒவ்வொரு கதவையும் யார் திறப்பார்கள்? நாள் தள்ளியதற்கு ஒவ்வொரு வீட்டிலும் என்ன காரணம் இருக்கும்? கலைந்துபோன கரு இருக்கும், ஆபரேஷன் இருக்கும், சொல்லாமல் வைத்திருக்கும் வியாதி இருக்கும். வெளியே வந்தாள்.

கிடங்குக்குப் போன் செய்தாள். "வண்டி ஏத்திப் பூட்டியாச்சு தங்கச்சி. உள்ள போய்த் தேடணும்னா நான் எலியாத்தான் பொறக்கணும்" என்றார் அங்கே இருந்தவர். ஆனாலும் இரக்கப்பட்டு, அந்தப் பக்கம் கொண்டுபோய்க் கொடுக்கிறவனின் எண்ணைத் தேடிக் கொடுத்தார். அவனும் நல்லவனாகவே பேசினான்.

"இலவசப் பார்சல்தானே மேடம்? அதுக்குக் கையெழுத்துகூடக் கிடையாது. தெருமுனைக்கு வந்ததும் உங்களுக்கு ஒரு கால் அடிக்கறேன், நீங்களே வந்து வாங்கிக்கோங்க. பதினொரு மணிக்கு."

"மறந்துடாதீங்க அண்ணா."

"மறப்பேனா மேடம்? ஆனா போனை எடுத்துடுங்க. நான் நின்னு நிதானிக்கற ஆள் இல்ல. நாளைக்கு எழுபது வீடு."

மறுநாள் காலை வயிற்றுவலி என்று அலுவலகத்துக்குச் செய்தி அனுப்பிவிட்டு பாப்பா பஸ் ஏறினாள்.   ஜன்னலோரம் இடம் கிடைத்தது. உட்கார்ந்த பிறகுதான், போன முறை அக்கா வீட்டுக்குப் போனபோது நடந்தது ஞாபகம் வந்தது.

சாப்பிடும்போது அத்தை கேட்டார். அக்காவின் மாமியாரை பாப்பாவும் அத்தை என்றுதான் கூப்பிடுவாள். "அப்படி என்னதான் வேலை பாக்கற நீ? கடைங்கற, ஆனா கடையில உக்காரவும் மாட்டேங்கற." எப்போதும் தட்டைப் பார்த்துச் சாப்பிடுகிற பாப்பாவுக்கு அன்றைக்கு எங்கிருந்தோ தைரியம் வந்தது. யாராவது அவள் வேலையைப் பற்றிக் கேட்பதே அபூர்வம். "ஒரு பொண்ணு உண்டாயிருக்கறது அவளுக்கே தெரியறதுக்கு முன்னாடி எங்களுக்குத் தெரிஞ்சுடும் அத்தை. எங்க கணக்கு தப்பாது" என்றாள். அத்தை சாப்பிடும் கையை நிறுத்தி, "அப்படியா!" என்றார். அக்கா எழுந்து தண்ணீர் எடுக்கப் போனாள். அன்றைக்கு அதைத் தண்ணீர் எடுக்கப் போனதாகத்தான் பாப்பா நினைத்தாள்.

பஸ் ஊர்ந்தது. இறங்கி ஓட வேண்டும் போலிருந்தது. ஓடினால் இன்னும் நேரமாகும்.

அக்கா வீடு மூன்றாவது மாடியில். பாப்பா மாடிக்கே போகாமல் கீழே கேட்டருகில் நின்று பெட்டியைப் பிடித்துவிடுவது என்று முடிவு செய்திருந்தாள். மணி பத்தேகால். நின்று இரண்டு நிமிடம் ஆகவில்லை, மேலிருந்து குரல் வந்தது.

"பாப்பா! அங்க நின்னு யாருக்குக் காவல் காக்கற? மேல வா!"

அத்தை பால்கனியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். அக்கா துணி காயப்போட்டுத்தான் பாப்பா பார்த்திருக்கிறாள்.

"வரேன் அத்தை, ஒரு போன்..."

"போன் மேலயும் பேசும், வா!"

அத்தை கெட்டவராக இருந்திருந்தால் எவ்வளவோ சுலபம். இந்த ஏழு வருஷத்தில் அவர் ஒரு தடவைகூட அக்காவை அந்தக் கேள்வி கேட்டதில்லை. வருகிறவர்கள் விசேஷம் உண்டா என்று இழுத்தால் அக்காவை முந்திக்கொண்டு, "விசேஷம்தான், புதுசா மிக்ஸி வாங்கியிருக்கோம்" என்பார். கேட்டவர்கள் வாயடைத்துப் போவார்கள். அக்கா அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

அத்தான் வேலைக்குப் போயிருந்தார். குளியலறை வாசலில் மூன்று வாளி நிறையத் தண்ணீர் இருந்தது. அத்தை பாப்பாவின் கன்னத்தைத் தொட்டுப் பார்த்து, "இளைச்சுட்ட" என்றார். அவர் முகத்தில் என்னவோ ஒளிந்துகொண்டு விளையாடியது. "உங்க அக்கா உள்ள படுத்திருக்கா. நான்தான் எழுந்திருக்க வேண்டாம்னு சொன்னேன்" என்று ரகசியம் போலச் சொன்னார்.

அக்கா படுத்திருக்கவில்லை. கட்டிலின் ஓரத்தில் செருப்போடு உட்கார்ந்திருந்தாள்.

"நிறுத்திட்டியா?"

"முனைக்கு வந்ததும் கூப்பிடுவான். நான் இறங்கிப் போய் வாங்கிடுவேன். பயப்படாத."

பாப்பாவின் கையில் போன் அதிர்ந்தது. இருவரும் துள்ளினார்கள். சதவீதம். துண்டித்தாள். மறுபடி வந்தது. துண்டித்தாள். முதல் ஆளின் கோட்டுப்படம் எங்கே இருக்கிறது என்று செய்தி வந்தது, பிறகு மறுபடி அழைப்பு. ஒவ்வொரு அதிர்வுக்கும் அக்காவின் தோள் குலுங்கியது. பாப்பா போனைத் திருப்பி மெத்தையின் மேல் வைத்தாள்.

"அக்கா, அது தப்புதான்னு ஆகிப்போச்சு. அப்புறம் ஏன் இப்படி நடுங்கற? உனக்கு நாள் தள்ளியிருக்கு, அவ்வளவுதானே? டாக்டர்கிட்டப் போவோம்."

 அக்கா எழுந்து கதவைச் சாத்தினாள். துணி அலமாரியின் கடைசி இழுப்பறையை வெளியே இழுத்து, மேலே கிடந்த பழைய புடவைகளை ஒதுக்கினாள். அடியில் நாப்கின் பாக்கெட்டுகள் அடுக்கடுக்காக இருந்தன. ஒன்றுகூடப் பிரிக்கவில்லை. கடையின் ஒட்டுச்சீட்டு அப்படியே இருந்தது. பாப்பா கடையின் ஒட்டுச்சீட்டு.

"இதென்ன?"

"மத்ததெல்லாம் பள்ளிக்கூடத்துல. நூலகத்துக்குப் பக்கத்துல சிக் ரூம் இருக்குல்ல, அங்க ஒரு டிராயர்ல போட்டுடுவேன். திடீர்னு தேவைப்படற பொண்ணுங்க எடுத்துக்கும். யாரு வைக்கறாங்கன்னு அதுங்களுக்குத் தெரியாது. லீவு விட்டதும் கொண்டுபோக இடமில்லாம போச்சு. குளியலறையில வச்சா குறையாம அப்படியே இருக்கும், இங்க இனிமே ஒண்ணு ஒளிச்சாலும் அத்தை கண்ணுல படும். அதான் வாங்கல."

பாப்பாவுக்கு அந்தக் கோடு ஞாபகம் வந்தது. அளவுகோல் வைத்து இழுத்த கோடு. எந்த உடம்பும் அப்படி ஓடாது. நாட்காட்டிதான் அப்படி ஓடும்.

"எப்ப இருந்து?" என்றாள். 

"அதை மட்டும் கேக்காத. டாக்டர் சொன்னாங்க. நான் தனியாத்தான் போயிருந்தேன். அவங்க சொன்னத நான் யாருகிட்டயும் திருப்பிச் சொன்னதில்ல. உங்க அத்தான்கிட்டயும் இல்ல. கண்ணாடியப் பாத்துகூடச் சொன்னதில்ல. சொன்னா அது நெசமாயிடும்." அக்கா பாக்கெட்டுகளின் மேல் புடவையை இழுத்துப் போர்த்தினாள், தூங்குகிற குழந்தைக்குப் போர்த்துவது போல. "மாசா மாசம் அந்தப் பாக்கெட் குளியலறை அலமாரியில வந்து உக்காந்தா அத்தை ஒரு பெருமூச்சு விடுவாங்க. உங்க அத்தான் அன்னைக்கு ஏதாவது வாங்கிட்டு வருவாரு. சரி, அடுத்த மாசம் பாத்துக்கலாம்னு எல்லாரும் சாப்பிட உக்காருவோம். அடுத்த மாசம்னு ஒண்ணு இருக்கணும்ல பாப்பா? அதுக்குத்தான் வாங்கினேன்."

"நான் உன் கணக்க வச்சு..."

"தெரியும். எனக்கு உன் கடை பிடிச்சுத்தான் இருந்துச்சு. மாசத்துல நாலு நாள் லிப்ஸ்டிக்கா காட்டும். எனக்கு ஒண்ணுமே தோணாது, மரத்துப் போயிருப்பேன். ஆனா அது காட்டும்போது, ஓ, இன்னைக்கு நான் அழகா இருக்கற நாள் போலன்னு நினைச்சுப்பேன். வாங்குவேன். உடம்பு மறந்துபோனத உன் கடை ஞாபகம் வச்சிருந்துச்சு."

அப்படி வாங்கியதையெல்லாம்தான் பாப்பா பச்சை நிறத்தில் குறித்து, கணக்கு பலித்தது என்று எழுதியிருந்தாள். பலிப்பதற்கு உள்ளே எந்த ஹார்மோனும் இருக்கவில்லை. காட்டினார்கள், வாங்கினாள். பிறை பார்த்துக்கொண்டிருந்தது பிறையையேதான்.

அழைப்பு மணி அடித்தது.

பாப்பா போனைத் திருப்பினாள். சதவீதம் ஒன்பது தடவை. அவற்றுக்கு நடுவே, பெயரில்லாத ஓர் எண் இரண்டு தடவை. கதவைத் திறந்துகொண்டு ஓடுவதற்குள் வாசல் கதவு சாத்தப்படும் சத்தமும், படியில் யாரோ தடதடவென்று இறங்கும் சத்தமும் கேட்டன.

அத்தை கூடத்தின் நடுவில் நின்றிருந்தார். கையில் செருப்பு டப்பா அளவில் பெட்டி. மேலே குழந்தை சிரித்தது. கண்ணாடி போடாமலே அந்தப் படம் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

"அத்தை, அதைக் குடுங்க. அது தப்பா வந்தது."

அத்தை கொடுக்கவில்லை. நகத்தால் ஒட்டுத்தாளைக் கிழித்தார். எண்ணெய்ப் புட்டியை எடுத்துப் பார்த்துக் கீழே வைத்தார். பிறகு காலுறைகள். மஞ்சள் நிறம். ஒன்றை எடுத்துத் தன் கட்டைவிரலில் மாட்டிப் பார்த்தார். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"நான் கேக்கவே கூடாதுன்னு இருந்தேன்" என்றார். "ரெண்டு மாசமா நாக்கக் கட்டிட்டு இருக்கேன். கேட்டா கண்ணு பட்டுடுமோன்னு பயந்தேன்."

"அத்தை, நான் சொல்றதக் கேளுங்க. இது எங்க கம்பெனி தப்பு. நூத்துல மூணு பேருக்கு இப்படித் தப்பாப் போகும். நானே எழுதியிருக்கேன்."

அத்தை அவளைப் பார்த்துச் சிரித்தார். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. "போடி இவளே. அன்னைக்கு இதே எடத்துல உக்காந்து நீதானே சொன்ன? பொண்ணுக்கே தெரியறதுக்கு முன்னாடி உங்களுக்குத் தெரிஞ்சுடும்னு. கணக்கு தப்பாதுன்னு. இப்ப அக்காளும் தங்கச்சியும் சேந்து எனக்குப் போக்குக் காட்டறீங்களா?"

"சத்தியமா இல்ல அத்தை."

"அவளுக்கே இன்னும் தெரியாதோ என்னவோ."

பாப்பா எதைச் சொன்னாலும் அது அத்தையின் சந்தோஷத்துக்கு இன்னொரு சாட்சியாகப் போய் நின்றது. தப்பு என்றால் மறைக்கிறாள். இல்லை என்றால் வெட்கப்படுகிறாள். அவள் வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை பெருமையாகச் சொன்ன பேச்சு, அதைத் திரும்ப எடுத்துக்கொள்ள அவளிடம் வேறு பேச்சு இல்லை. அறை வாசலில் அக்கா வந்து நின்றாள். காலில் இன்னும் செருப்பு இருந்தது.

"வாடா கண்ணு" என்றார் அத்தை. "வேண்டாம், நடக்காத, நான் வரேன். இரு, அவன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிடறேன். அவன் என்ன சொல்றான்னு கேக்கணும் எனக்கு."

இடுப்பிலிருந்து போனை எடுத்தார். அவருக்கு ஒரு காது மந்தம். எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசுவார். மணி அடிக்கும் சத்தம் கூடம் முழுக்கக் கேட்டது.

பாப்பா போனைப் பிடுங்கக் கை நீட்டினாள். நீட்டிய கையை அக்கா பிடித்துக்கொண்டாள். பிடி இறுக்கமாக இருந்தது, விரல்கள் சில்லென்றிருந்தன.

"விடு" என்றாள் அக்கா, மெல்ல. "சொன்னாத்தான் நிக்கும்."

"அக்கா, வேண்டாம். நான் வேற ஏதாவது சொல்றேன். எனக்கு ஒரு நிமிஷம் குடு. நான் யோசிக்கறேன்."

"நீ யோசிச்சது போதும் பாப்பா."

அதில் கோபம் இல்லை. அதனால்தான் பாப்பா நீட்டிய கையை இறக்கினாள். அக்கா செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டாள். போய் அத்தைக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள். அத்தையின் கட்டைவிரலில் இருந்த மஞ்சள் காலுறையைப் பார்த்தாள். அதைக் கழற்றாமல், அந்தக் கையை அப்படியே எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"சொல்லும்மா" என்றது அத்தானின் குரல், போனிலிருந்து. பின்னால் யாரோ சிரித்தார்கள், கதவு ஒன்று சாத்தப்பட்டது. "அம்மா? என்னம்மா, அழறியா? என்ன ஆச்சு?"

அத்தை வாயைத் திறந்தார். சந்தோஷத்தில் அவருக்கு வார்த்தை வரவில்லை. நீயே சொல்லு என்பது போலப் போனை அக்காவின் பக்கம் நீட்டினார்.

"ஹலோ? யாராவது பேசுங்களேன்."

அக்கா போனைப் பார்க்கவில்லை. அத்தையின் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னாள்.

"எனக்கு அது நின்னுபோய் ரெண்டு வருஷம் ஆச்சு அத்தை."